சுண்ணாம்பும் செங்கல்லும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சென்னையின் பழைய அலுவலகங்களையும் கடைத்தெருக் கட்டடங்களையும் பற்றியவை. அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் 33 ஆண்டுகள் பொறியாளராக இருந்தவள் நான். அந்தக் கட்டடங்களின் மொட்டை மாடிகளில் நின்ற நேரம்தான் என் உத்தியோகத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக் குடிநீர்த் தொட்டி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தினமும் சென்ட்ரலில் இறங்கி நடந்து வேலைக்குப் போகிறேன். சென்ட்ரல் நிலையம் சிவப்பு, பக்கத்தில் விக்டோரியா பொது அரங்கம் சிவப்பு. அடுத்து வரும் ரிப்பன் மாளிகை மட்டும் ஏன் வெள்ளை? (பெரம்பூர் வாசகர்)

பதில்: இடையில் காலம் மாறிவிட்டது, ஐயா. விக்டோரியா பொது அரங்கத்துக்கு 1883-இல் அடிக்கல் நாட்டினார்கள். வரைந்தவர் ராபர்ட் சிசோம். செங்கல்லை மூடாமல் வெளியே தெரியும்படி விடுவதுதான் அந்தத் தலைமுறையின் ருசி. அதற்காகவே நன்றாகச் சுட்ட, விளிம்பு உடையாத செங்கல்லைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். ரிப்பன் மாளிகைக்கு வைஸ்ராய் மின்டோ அடிக்கல் வைத்தது 1909 டிசம்பர் 11-இல். அதற்குள் ருசி திரும்பியிருந்தது. ஜி.எஸ்.டி. ஹாரிஸ் வரைந்த இந்தக் கட்டடம் கிரேக்க, ரோமானியத் தூண்களைப் பின்பற்றியது. தூணும் வளைவும் நிழலால்தான் அழகு பெறும். நிழல் தெளிவாக விழ வெள்ளைச் சுவர் வேண்டும். நாளைக் காலை போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெயில் ஏற ஏறத் தூண்களின் நிழல் சுவரில் நகர்வது தெரியும்.

வெள்ளைக்கு இன்னொரு சொந்தக் காரணமும் இருக்கிறது. பளிங்குபோல மின்னும் சுண்ணாம்புப் பூச்சுக்கு இந்த ஊர் 18-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றது. கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, சலித்து, அரைத்து, பல கை பூசி, கடைசியில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெள்ளைக்காரர்கள் அதை மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே ஊர் பெயரைச் சேர்த்து அழைத்தார்கள்.

ரிப்பன் மாளிகையின் நீளம் 252 அடி, அகலம் 126 அடி. சரியாக ஒன்றுக்கு இரண்டு. கோபுரம் 132 அடி, கடிகாரத்தின் முகம் எட்டடிக் குறுக்களவு. 1913-இல் முடிந்த வேலைக்கு ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். 1688-இல் தோன்றி, இந்தியாவிலேயே மூத்ததாக இருக்கும் மாநகராட்சிக்கு அப்போதுதான் தகுந்த வீடு அமைந்தது. 1882-இல் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அப்போதைய வைஸ்ராய் ரிப்பன்; அதனால் அவர் பெயர்.

கட்டியவர் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: லோகநாத முதலியார். வரைந்தவரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து கடைசிப் பூச்சு காயும் வரை தளத்தில் நின்றவரின் பெயர் அடிக்குறிப்பில்கூடக் கிடைப்பதில்லை. இது எனக்கு நெடுநாளைய வருத்தம். விக்டோரியா பொது அரங்கம், உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், ராஜாஜி சாலையில் மெட்ராஸ் வங்கிக்காக எழுந்து இன்று ஸ்டேட் வங்கி இருக்கும் கட்டடம் எல்லாவற்றையும் கட்டியவர் ஒரே மனிதர், நம்பெருமாள் செட்டியார். கணித மேதை ராமானுஜன் 1920-இல் உயிர்விட்டது சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான். அந்தச் செய்தியில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தைக் கட்டியவர் என்று அறிந்தவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: இந்தோ-சாரசனிக் பாணி, அதாவது இந்திய, இஸ்லாமியக் கட்டடச் சாயலை ஐரோப்பியத் திட்டத்தோடு கலந்து கட்டும் முறை, நம்முடையதா, ஆங்கிலேயருடையதா? வகுப்பில் பெரிய விவாதமாகிவிட்டது. (திருநெல்வேலி, கட்டடக்கலை மாணவர்)

பதில்: தம்பி, சேப்பாக்கத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டால் இந்த விவாதத்தின் முழு விவரமும் கண்ணெதிரே கிடைக்கும். முதலில் சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் பால் பென்ஃபீல்டு கட்டியது. குவிமாடமும் வளைவும் நவாபின் விருப்பம். கணக்குப் போட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். சுவர் எழுப்பிய கை இந்த ஊர்க் கை. இந்தப் பாணிக்குப் பெயர் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே இது எழுந்து நின்றுவிட்டது.

அங்கிருந்து கடற்கரையோரமாக நடந்தால் மாநிலக் கல்லூரி. சிசோம் இளைஞராகப் போட்டியில் வென்று வரைந்தது, 1870-இல் முடிந்தது. அதில் இத்தாலியச் சாயல்தான் தூக்கலாக இருக்கிறது. அடுத்து, அவரே வரைந்து 1879-இல் முடிந்த பல்கலைக்கழக செனட் மண்டபத்தைப் பாருங்கள். அதே மனிதரின் கைதானா என்று தோன்றும். நான்கு மூலைக் கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி, செதுக்கிய தூண் தலைகள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நம் கட்டடங்களை உற்றுப் பார்த்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் அவர் வரைந்த நேப்பியர் அருங்காட்சியகத்தில் கேரளக் கூரை அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் முடிவைக் கேட்டால், திட்டம் அவர்களுடையது, கை நம்முடையது என்று சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தில் ஒரு பூவேலையை வரைந்துவிடலாம். அதைச் சுண்ணாம்புச் சாந்தில் இழைக்கும்போது எங்கே ஆழம், எங்கே மேடு என்பதைக் கொத்தனார்தான் தீர்மானிக்கிறார். செனட் மண்டபத்தின் தூண் தலைகளை நெருங்கிப் பார்த்தால் அந்தத் தீர்மானங்கள் தெரியும். ஆட்சி செய்தவர்கள் தங்களை முகலாயரின் வாரிசுகளாகக் காட்டிக்கொள்ள இந்தப் பாணி உதவியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் மறுக்க மாட்டார்.

கேள்வி: மண்ணடியில் எங்கள் தாத்தா வாங்கிய கடை. கீழே இரும்புச் சாமான் வியாபாரம், மேலே கிடங்கு. மொட்டை மாடி ஒழுகுகிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், “மெட்ராஸ் டெரஸுக்கு ஆயுள் முடிந்துவிட்டது, இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள்” என்கிறார். தம்பியும் அதைத்தான் சொல்கிறான். எனக்கு மனமில்லை. (மண்ணடி வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் தலைக்கு மேலே இருப்பது என்ன என்று முதலில் சொல்கிறேன். தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள் ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளியில் கிடக்கின்றன. அவற்றின் மேல் ஒரு அங்குலத் தடிமனே உள்ள சிறு செங்கல்லைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து தொடங்கிக் குறுக்குக் கோடாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். மேஸ்திரிகள் அதை அச்சுக்கல் என்பார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். எங்கள் துறைக் கணக்கில் அதன் அளவு 32-க்கு 12½. அதாவது ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஒரு வாரம் போல அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் மெட்ராஸ் டெரஸ். ஜார்ஜ் டவுனின் பழைய கடை, வங்கி, கிடங்கு எதற்குள் போய் நிமிர்ந்து பார்த்தாலும் இதைத்தான் பார்ப்பீர்கள்.

இந்தத் தளம் வயதாகிவிட்டதால் ஒழுகுவதை நான் பார்த்தது அபூர்வம். மழைநீர் போகும் வாய் அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். ஒழுகும்போதெல்லாம் பழைய ஓடுகளை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம், அதன் மேல் இன்னொன்று என்று போட்டிருப்பார்கள். ஒரு மாடியில் நாங்கள் நான்கு அடுக்கு எண்ணினோம். அத்தனை பாரத்தையும் அந்தத் தேக்குக் கட்டைகள் சுமந்துகொண்டிருந்தன. உங்கள் மாடியில் ஓரிடத்தில் தோண்டி எத்தனை அடுக்கு என்று பாருங்கள். மேல்கிடங்கிலும் இரும்புச் சாமானா? அப்படியானால் பாதியையாவது இன்றே கீழே இறக்குங்கள். அந்தத் தளம் ஆள் நடக்கவும் துணி மூட்டை வைக்கவும் போட்டது.

பிறகு கட்டைகளின் முனை. கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரம் தங்கும், கரையான் ஏறும். கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. ஒன்றிரண்டு போயிருந்தால் அவற்றை மட்டும் முட்டுக் கொடுத்து மாற்றலாம், நான் மாற்றியிருக்கிறேன். பத்தில் ஆறு போயிருந்தால், அல்லது சுவரே தொப்பை தள்ளியிருந்தால், அப்போது ஒப்பந்தக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இடிப்பதற்கு முன் பக்கத்துக் கடைக்காரரோடு பேசினீர்களா? மண்ணடியில் பெரும்பாலும் இரண்டு கடைக்கும் ஒரே சுவர். உங்கள் கட்டையின் முனையும் அவர் கட்டையின் முனையும் அந்தச் சுவருக்குள் முதுகோடு முதுகு வைத்துக் கிடக்கும். நீங்கள் இடிக்கும் அதிர்ச்சி அவர் தளத்திலும் இறங்கும். கான்கிரீட் தளத்தை ஏற்ற அந்தச் சுண்ணாம்புச் சுவரில் நீளக் காடி வெட்டுவார்கள். சுவரின் பலம் அங்கேயே குறைந்துவிடும்.

நானே செய்த ஒரு தவற்றை இங்கே எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு பழைய அலுவலகத்தின் கீழ்ச்சுவரில் பூச்சு உதிர்ந்தது. கல்லூரியில் படித்த தைரியத்தில் சிமென்ட் பூசச் சொன்னேன். எங்கள் மேஸ்திரிக்கு அப்போதே அறுபது வயது. “அம்மா, இந்தச் சுவர் மூச்சு விடும். வாயை அடைத்தால் வேறு பக்கம் திறந்துகொள்ளும்” என்றார். எழுதிய மதிப்பீட்டை மாற்ற நான் விரும்பவில்லை. இரண்டு மழைக்காலம் தாங்கியது. நிலத்திலிருந்து ஏறிய ஈரம் சிமென்ட்டைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறி, உப்பைச் செங்கல்லுக்குள் சேர்த்துவிட்டது. மூன்றாம் ஆண்டு பூச்சு பாளமாகப் பெயர்ந்தபோது செங்கல்லின் முகமும் அதோடு வந்தது. தொட்டால் மாவாகக் கொட்டியது. நூறு ஆண்டு நின்ற சுவரை நான் மூன்று ஆண்டில் அரித்திருந்தேன். மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் சுண்ணாம்பை ஊற வைக்கத் தொட்டி கட்டினார். சுண்ணாம்பு வேலையை நான் கற்றது அந்தத் தொட்டியின் கரையில்தான்.

உங்கள் தளத்துக்கு நான் சொல்வது இதுதான்: மேலே உள்ள அடுக்குகளை எல்லாம் அச்சுக்கல் தெரியும் வரை கையால் எடுங்கள்; இயந்திரம் வேண்டாம். கட்டைகளைச் சோதியுங்கள். சுண்ணாம்பு ஜல்லித் தளத்தைப் புதிதாகப் போட்டு, நீர்வாய்க்குச் சரியான வாட்டம் கொடுங்கள். மார்கழி கழிந்து, மழை முற்றிலும் விட்டபின் தொடங்குங்கள். தெரிந்த ஆட்கள் குறைவு, நாளும் அதிகமாகும். ஒப்பந்தக்காரர் தயங்குவது அதனால்தான். காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார்கள் இன்னும் இந்த வேலையைக் கைவிடவில்லை. கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலும் (சி.எம்.டி.ஏ.) கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயர் நீதிமன்றத்தின் உச்சியில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு இருந்ததாக என் தாத்தா சொல்கிறார். நீதிமன்றத்தில் ஏன் விளக்கு? (ஏழாம் வகுப்பு மாணவி, ராயபுரம்)

பதில்: தாத்தா சொன்னது உண்மை, கண்ணே. அந்தக் காலத்தில் சென்னையில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை. கடலுக்கும் அருகில் இருக்கிறது. எனவே 1892-இல் திறந்த நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்தின் உச்சியிலேயே 1894-இல் விளக்கை ஏற்றினார்கள். தரையிலிருந்து அது 175 அடி உயரம். 1977-இல் மெரினாவில் இப்போதைய கலங்கரை விளக்கம் வந்தபோதுதான் அது ஓய்ந்தது.

அதற்கு முன்னும் இரண்டு இருந்தன. 1796-இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் முதல் விளக்கு. 1844-இல் தனியாக ஒரு கல் தூண் எழுப்பி அதில் இரண்டாவது. அந்தத் தூண் இப்போதும் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. தாத்தாவிடம் எம்டன் கதையையும் கேள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஒரு குண்டு நீதிமன்ற வளாகத்தில் விழுந்தது. விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் அந்த இரவிலிருந்து வந்தது.

கேள்வி: சென்னையில் இழந்தவற்றுள் எந்தக் கட்டடத்துக்காக அதிகம் வருந்துகிறீர்கள்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: மூர் மார்க்கெட். யோசிக்கத் தேவையே இல்லை.

என் அப்பா கையைப் பிடித்து முதன்முதலில் அங்கே போனபோது எனக்குப் பதினாறு வயது. மடக்கை அட்டவணைப் புத்தகம் வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. சிவப்புச் செங்கல் வளைவுகளுக்குக் கீழே சுற்றுத் தாழ்வாரம் முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். வெளியே எரிக்கும் வெயில், உள்ளே பழந்தாள் மணமும் குளிர்ச்சியும். ஒரு பக்கம் இசைத்தட்டு, ஒரு பக்கம் கூண்டில் பறவைகள். யாரோ பென்சிலால் குறிப்பெழுதிய அட்டவணைப் புத்தகத்தை அப்பா பேரம் பேசி வாங்கிக் கொடுத்தார். அதோடுதான் பொறியியல் படித்தேன். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டிய அங்காடி அது, வரைந்தவர் ஆர்.இ. எல்லிஸ், கட்டியவர் ஏ. சுப்பிரமணிய ஐயர். ஒரு நகராட்சி தன் வியாபாரிகளுக்கு இவ்வளவு அழகான இடத்தைக் கட்டிக் கொடுத்தது என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்.

1985 மே 30 அன்று தீயில் போனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் அங்காடியின் சிறு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அண்ணா சாலையில் ஸ்பென்சரின் பழைய கடையும் 1980-களின் தொடக்கத்தில் எரிந்தது. அதே சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறதே, அதுதான் இப்போது என்னை உறங்கவிடாமல் செய்கிறது. 1897-இல் ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக ஜே.எச். ஸ்டீபன்ஸ் வரைந்தது. ஒரு மருந்துக் கடைக்குக் கோபுரங்களும் தாழ்வாரங்களும்! 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் ‘இன்டாக்’ அமைப்பு நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. 2010-இல் கட்டடத்தைக் காக்கும் தீர்ப்பும் வந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது கூரை இல்லாத பகுதிகளில் மரம் வளர்ந்து, கிளை ஜன்னல் வழியே சாலையை எட்டிப் பார்த்தது. நின்ற இடத்திலேயே மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துக்கொண்டிருக்கிறது. தடையுத்தரவு மழைக்குத் தெரியாது. பழுது பார்க்கும் ஆளை உள்ளே அனுப்பாமல் கதவைப் பூட்டுவதும் இடிப்பதுதான். என் அனுபவத்தில் நான் கண்ட வேறுபாடு கால அளவு மட்டுமே.

அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் தொடங்கிய கடை, 1904-இல் எழுந்த கட்டடம். இன்னும் புத்தகம் விற்கிறார்கள். தினமும் காலையில் கதவு திறக்கிறது. உள்ளே ஆள் இருப்பதால் ஒழுகினால் அன்றே தெரிகிறது.

கேள்வி: எல்.ஐ.சி. கட்டடத்தையும் பாரம்பரியக் கட்டடம் என்கிறார்களே, அது வெறும் கான்கிரீட் அடுக்குத்தானே? (வேலூர் வாசகர்)

பதில்: 1959-இல் திறந்தது, 14 மாடி, 177 அடி. ஊரிலிருந்து வந்தவர்கள் கீழே நின்று மாடிகளை எண்ணிப் பார்த்த கட்டடம் அது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கினார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. வெளிநாட்டவர் வரைந்ததை முடித்துக் கொடுத்தவர் நம் எல்.எம். சித்தாலே. 1975-இல் பெருந்தீயில் சிக்கியும் எழுந்து நிற்கிறது. பாரிமுனையில் 1940-இல் எழுந்த டேர் ஹவுஸும் கான்கிரீட்தான். சுண்ணாம்பு இல்லை என்பதற்காக நான் எதையும் தள்ளி வைக்க மாட்டேன். இவற்றுக்கு வேறு வகை நோய்: உள்ளே கம்பி துருப்பிடிக்கும். அதற்கும் மருத்துவம் தெரிந்தவர்கள் வேண்டும்.

கேள்வி: என் பாட்டி 1930-களில் பட்டணத்தில் சித்தாளாக இருந்தவர். “கச்சேரிக் கட்டடத்துக்குத் தளம் அடித்தேன்” என்பார். கச்சேரி என்று அவர் சொல்வது அரசு அலுவலகத்தை. எந்தக் கட்டடம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தளம் அடிப்பது என்றால் என்ன வேலை? அவர் அடித்த தளம் இன்னும் இருக்குமா? (விழுப்புரம் வாசகி, வயது 71)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மேலே மண்ணடிக்காரருக்கு எழுதினேனே, ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதைத்தான் உங்கள் பாட்டி அடித்தார். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்காருவார்கள். கையில் தட்டையான மரக்கட்டை. முதல் வரிசை அடித்துக்கொண்டே பின்னால் நகரும், அடுத்த வரிசை தொடரும். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் அடியோடு சேர்த்து வாங்கிப் பாடுவார்கள். அந்தப் பாட்டுத்தான் அளவு. எல்லாக் கட்டையும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். இடையிடையே கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளிப்பார்கள். மொட்டை வெயிலில் காலையிலிருந்து மாலை வரை, நாள் கணக்கில். அடித்த கட்டை உள்ளே பதியாமல் திருப்பி எகிறினால்தான் தளம் முடிந்தது என்று மேஸ்திரி சொல்வார். சுண்ணாம்பு கையைத் தின்றுவிடும், விரலிடுக்கெல்லாம் வெடிக்கும். இரவில் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்களாம். இதை எனக்குச் சொன்னது எங்கள் மேஸ்திரி. அவருடைய தாயாரும் தளம் அடித்தவர்.

எந்தக் கச்சேரி என்று கண்டுபிடிக்க வழியில்லை. வருகைப் பதிவேட்டில் தலைக்கணக்குத்தான் எழுதினார்கள்: ஆண் இத்தனை, பெண் இத்தனை. ஆனால் தளம் இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கும். நான் பிரித்த தளங்களில் எழுபது, எண்பது ஆண்டு கடந்தவையும் உண்டு. நன்றாக அடித்த இடத்தைக் கடப்பாரையால் பெயர்க்கக் கை வலிக்கும்.

ஒரு முறை, பழைய அலுவலகம் ஒன்றின் மாடியில் தளத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நீர்வாய்ப் பக்கம் பெயர்த்த ஒரு கட்டிக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. மேஸ்திரி அதை விரலால் சுரண்டி எடுத்தார். கண்ணாடி வளையல் துண்டு, ஒரு அங்குலம் இருக்கும். அடிக்கும்போது யாருடைய கையிலிருந்தோ உடைந்து விழுந்து, ஜல்லியோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. நான் அதை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ள நினைத்தேன். அவர் தரவில்லை. தண்ணீரில் கழுவி மடியில் முடிந்து வைத்துக்கொண்டார். மறுநாள் புதிய ஜல்லியைக் கொட்டியபோது அதே நீர்வாய்ப் பக்கம் போய், குனிந்து, அந்தத் துண்டைப் போட்டுவிட்டு, “ம், அடிங்கம்மா” என்றார். அந்தத் தளம் இன்னும் ஒழுகவில்லை.